துப்பு வைக்காத துப்பறியும் படம்

(திரைப்பட ரசனை குறித்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2017-ஆம் ஆண்டின் நடுவில் ஒரு சினிமா சுவரொட்டி வெளியானது. வெள்ளைப் பின்னணி. எழுதப் பழகும் பிள்ளையின் கையெழுத்தைப்போலக் கோணல்மாணலாகச் சில வரிகள். கீழே பனியில் செய்த பொம்மை மனிதனின் கிறுக்கல் படம். காவல்துறை அதிகாரிக்குக் கொலையாளி எழுதிய சீட்டு அது. அவளை நீங்கள் காப்பாற்றியிருக்கலாம், எல்லாத் துப்புகளையும் நான் கொடுத்துவிட்டேனே என்பது அதன் சாரம். படத்தின் பெயர் ‘தி ஸ்நோமேன்’. அக்டோபரில் படம் திரைக்கு வந்தது. பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு எழுந்த முதல் கேள்வி, அந்தத் துப்புகளெல்லாம் எங்கே என்பதுதான்.

கேள்வியில் கேலி கொஞ்சம் இருந்தாலும் நியாயம் நிறைய இருந்தது. ஆவலோடு காத்திருந்து, முதல் நாளே டிக்கெட் எடுத்து, முகம் தொங்கிப்போய்த் திரும்பும் அனுபவம் சினிமா பார்க்கும் எல்லோருக்கும் உண்டு. காதல் படம் ஏமாற்றினால் மறுநாள் மறந்துபோகிறது. நகைச்சுவைப் படம் ஏமாற்றினால் அதையே ஒரு நகைச்சுவையாக்கிச் சொல்லிச் சிரிக்கலாம். த்ரில்லர் ஏமாற்றினால் மட்டும் ஆத்திரம் வருகிறது. ஏன் அப்படி என்பதைத்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ‘தி ஸ்நோமேன்’ படத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதன்மேல் ரசிகர்கள் நம்பிக்கை வைத்ததில் தவறே சொல்ல முடியாது. நார்வே எழுத்தாளர் ஜோ நெஸ்போ 2007-ல் எழுதிய நாவல் அதன் மூலம். ஆஸ்லோ நகரத் துப்பறிவாளர் ஹாரி ஹோலெ வரும் வரிசையில் ஏழாவது. குளிர்காலத்தின் முதல் பனி விழும்போது பெண்கள் காணாமல் போகிறார்கள். அவர்களுடைய வீட்டைப் பார்த்தபடி ஒரு பனிப் பொம்மை நிற்கிறது. கருவைக் கேட்டாலே உடல் சில்லிட்டுப்போகும். இதை மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கப்போவதாக முதலில் செய்தி வந்தது. பிறகு அவர் நிர்வாகத் தயாரிப்பாளராக மட்டும் நின்றுகொள்ள, இயக்கும் பொறுப்பு ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் ஆல்ஃபிரட்சனுக்குப் போனது. அதுவும் நல்ல செய்திதான். ‘லெட் தி ரைட் ஒன் இன்’ என்ற பனிக்காலத் திகில் படத்தையும், ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ என்ற உளவுப் படத்தையும் எடுத்தவர் அவர்.

திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர் ‘தி கில்லிங்’ என்ற டென்மார்க் தொலைக்காட்சித் தொடரைப் படைத்த சோரென் ஸ்வைஸ்ட்ரூப். படத்தொகுப்பாளர்கள் இருவர். ஒருவர் ஸ்கார்செஸியின் படங்களுக்காக மூன்று ஆஸ்கர் வாங்கிய தெல்மா ஷூன்மேக்கர். மற்றவர் ‘பிளட்டூன்’ படத்துக்காக ஆஸ்கர் பெற்ற கிளேர் சிம்ப்சன். மைக்கேல் ஃபாஸ்பெண்டர், ரெபெக்கா ஃபெர்குசன், ஜே.கே.சிம்மன்ஸ், வால் கில்மர் என்று நடிகர் வரிசை. செலவு சுமார் 3.5 கோடி டாலர்.

இவ்வளவு பேர் தோள் கொடுத்தும் படம் படுத்துவிட்டது. விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பெண் போடும் ராட்டன் டொமேட்டோஸில் அது நூற்றுக்குப் பத்தைக்கூடத் தொடவில்லை. காரணத்தை இயக்குநரே நார்வேயின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே-விடம் மறைக்காமல் சொன்னார். பணம் திடீரென்று கைக்கு வந்தது. உடனே படப்பிடிப்பைத் தொடங்க வேண்டியதாயிற்று. நார்வேயில் கிடைத்த நாட்கள் போதவில்லை. திரைக்கதையில் 10 முதல் 15 சதவீதம் வரை படமாக்கப்படவே இல்லை. எடிட்டிங் மேசைக்கு வந்த பிறகுதான் எவ்வளவு விட்டுப்போயிருக்கிறது என்பது தெரிந்தது. இதுதான் அவர் சொன்னதன் சுருக்கம்.

சுவரொட்டி எல்லாத் துப்பும் கொடுத்தாயிற்று என்றது. கேமரா அவற்றில் பலவற்றை எடுக்கவேயில்லை.

பதினைந்து சதவீதம் என்பது கேட்பதற்குச் சின்னக் கணக்கு. இரண்டு மணி நேரப் படத்தில் பதினெட்டு நிமிடம். குடும்பக் கதையில் பதினெட்டு நிமிடம் போனால் அண்ணன் தங்கை பாசம் கொஞ்சம் மெலிந்து தெரியும். ஒரு சித்தப்பா காணாமல் போவார். கதை எப்படியோ ஒப்பேறிவிடும். த்ரில்லரில் அப்படி ஒப்பேற்ற முடியாது. முன்னால் காட்டிய பொருளுக்குப் பின்னால் வேலை இருக்க வேண்டும். பின்னால் தெரியவரும் உண்மைக்கு முன்னால் ஒரு தடயம் இருந்திருக்க வேண்டும். இரண்டில் எது விட்டுப்போனாலும் மிஞ்சியிருப்பதும் கெட்டுப்போகிறது. தடயம் இருந்து விடை இல்லையென்றால் அந்தத் தடயம் வெறும் இடைஞ்சல். விடை இருந்து தடயம் இல்லையென்றால் அந்த விடை வெறும் அறிவிப்பு.

‘தி ஸ்நோமேன்’ படத்தில் இரண்டுமே நடக்கின்றன. ஜே.கே.சிம்மன்ஸ் செய்த பணக்காரத் தொழிலதிபர் பாத்திரத்தைப் பாருங்கள். ஆஸ்லோவுக்குக் குளிர்கால விளையாட்டுப் போட்டியைக் கொண்டுவரத் துடிக்கும் மனிதர். விருந்துகள், ரகசியச் சந்திப்புகள், கைப்பேசியில் பெண்களைப் படம் எடுக்கும் பழக்கம் என்று அவரைச் சுற்றிப் படம் ஏகப்பட்ட சந்தேகத்தைக் கிளப்புகிறது. கடைசியில் கிளப்பிய சந்தேகத்தை அப்படியே காற்றில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. விசாரணைகளைப் பதிவு செய்ய அதிகாரிகள் ஒரு தடித்த மின்னணுக் கருவியைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். அதைப் பற்றி விளக்கம் நிறைய, வழக்கை அவிழ்க்க அது உதவுவது கொஞ்சம். பெர்கன் நகரில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த விசாரணை துண்டு துண்டாக நடுநடுவே வந்துபோகிறது. அங்கே துப்பறிபவராக வரும் வால் கில்மர் அந்நாட்களில் தொண்டைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறொருவர் குரல் கொடுத்திருக்கிறார். உதடும் ஓசையும் ஒட்டாமல் நிற்கும்போது, பார்வையாளர் வழக்கை மறந்துவிட்டு வாயைக் கவனிக்கத் தொடங்குகிறார். த்ரில்லரில் கவனம் ஒருமுறை சிதறினால் மறுபடி கூட்டிச் சேர்ப்பது பெரும்பாடு.

இன்னொன்றும் நடந்தது. டிரெய்லரில் வந்த பல காட்சிகள் படத்தில் இல்லை. டிரெய்லரைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டுப் போன ரசிகர், அந்தக் காட்சி இனி வரும், இதோ வரும் என்று காத்திருந்து, பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: எதிர்பார்ப்பைக் கிளப்பிவிடுவதுதானே குற்றம்? அடக்கமாக வந்திருந்தால் இவ்வளவு அடி விழுந்திருக்காதே? இதில் பாதி உண்மை இருக்கிறது. 2016 டிசம்பர் கடைசி வாரத்தில் ‘துருவங்கள் பதினாறு’ வந்தபோது யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த கார்த்திக் நரேன் என்ற புது இயக்குநர், பாட்டுக்கோ சண்டைக்கோ நிற்காமல் ஓடும் கதை, முதன்மை வேடத்தில் நடிகர் ரகுமான். எதிர்பார்க்காமல் போனவர்கள் வியந்து திரும்பினார்கள். வாய்வழிச் செய்தியிலேயே படம் ஓடியது.

ஆனால் ஆரவாரம் தன்னளவில் கெடுதல் செய்யாது என்பதற்கு 1960-லேயே சாட்சி இருக்கிறது. ‘சைக்கோ’ படத்துக்கு அதன் இயக்குநர் ஹிட்ச்காக் செய்த விளம்பரம் இன்றைய விளம்பரக்காரர்களுக்கும் பாடம். விமர்சகர்களுக்கு முன்கூட்டிய காட்சி கிடையாது. படம் தொடங்கிவிட்டால் யாராக இருந்தாலும் உள்ளே அனுமதி இல்லை. டிரெய்லர் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். அதில் ஹிட்ச்காக்கே வழிகாட்டிபோல நடந்துவந்து, விடுதியையும் அந்தப் பழைய வீட்டையும் சுற்றிக் காட்டி, கொலை நடக்கும் குளியலறையைத் திறந்துகாட்டி, இங்கேதான் என்று சொல்லிவிடுகிறார்! அப்படியும் தியேட்டரில் கூட்டம் அலறியது. சாவது யார், எந்த நேரத்தில் என்பதைத்தான் அவர் மறைத்து வைத்திருந்தார். பெரிய நட்சத்திரம் ஜேனட் லீ படம் பாதியை எட்டும்போதே இறந்துபோவார் என்று எவரும் கனவிலும் நினைத்திருக்கவில்லை. ஸ்டூடியோவுக்கு நம்பிக்கை இல்லாததால் தம் தொலைக்காட்சித் தொடரின் குழுவை வைத்து, சுமார் 8 லட்சம் டாலர் செலவில், கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படம் அது. வாசலில் எவ்வளவு ஆசை காட்டினாரோ அவ்வளவையும் உள்ளே கொடுத்தார்.

ஆகவே சிக்கல் எதிர்பார்ப்பின் அளவில் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் கையில் இருந்ததா என்பதில் இருக்கிறது.

தமிழ் சினிமாவில் இந்தச் சிக்கலுக்கு ஒரு தனி வடிவம் உண்டு. அதன் பெயர் இடைவேளை. ஹாலிவுட் திரைக்கதைக்கு இல்லாத நெருக்கடி இது. படத்தின் நட்டநடுவில் விளக்கைப் போட்டு, பாப்கார்ன் வாங்க அனுப்பி, அந்தப் பத்து நிமிடமும் ரசிகரைப் படத்தைப் பற்றியே பேச வைக்க வேண்டும். ஆகவே நம் இயக்குநர்கள் ‘இண்டர்வெல் பிளாக்’ என்று ஒன்றைச் செதுக்குகிறார்கள். முதல் பாதி முழுக்கக் கேள்விகள். இடைவேளையில் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டும் பெரிய கேள்வி. கேள்வி கேட்பது சுலபம். இரண்டாம் பாதி முழுக்கப் பதில் சொல்ல வேண்டும், அங்கேதான் திணறல். தமிழ்நாட்டில் தியேட்டர் வாசலில் அதிகம் காதில் விழும் தீர்ப்பு எது? ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், செகண்ட் ஹாஃப் இழுவை’. இந்த ஒற்றை வரிக்குள் ஒரு முழுத் திரைக்கதைப் பாடம் இருக்கிறது.

இதற்கு மூத்த உதாரணம் 1986-ல் வந்த ‘விக்ரம்’. அன்றைய எதிர்பார்ப்பை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். கமல்ஹாசனின் சொந்தத் தயாரிப்பு. எழுத்தாளர் சுஜாதாவின் கதை, அதுவும் குமுதம் இதழில் படத்தின் புகைப்படங்களோடு தொடராக வந்துகொண்டிருந்தது. அவருடைய கணேஷ், வசந்த் துப்பறியும் கதைகளைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை, கம்ப்யூட்டரும் ராக்கெட்டும் வரும் ஒரு தமிழ் உளவுப் படத்துக்காகக் காத்திருந்தது. இளையராஜாவின் தலைப்புப் பாட்டு, அந்நாளில் யாரும் கேட்டிராத மின்னணு ஒலிகளோடு, வானொலியைப் பிடித்து ஆட்டியது. டிம்பிள் கபாடியா, அம்ஜத் கான் என்று இந்தி நட்சத்திரங்கள். தமிழில் அதுவரை யாரும் போடாத பெரிய முதல் என்று பேச்சு.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. ‘அக்னிபுத்ரா’ என்ற ஏவுகணை கடத்தப்படுகிறது. மனைவியை இழந்த அதிகாரி கோபத்தோடு புறப்படுகிறார். எதிரியாக சத்யராஜ், அலட்டிக்கொள்ளாமல், குத்தலான பேச்சோடு. அதன் பிறகு கதை சலாமியா என்ற கற்பனை ராஜ்ஜியத்துக்குள் நுழைகிறது. ராஜா, இளவரசி, மொழிபெயர்ப்பாளராக வரும் ஜனகராஜின் நகைச்சுவை, அரண்மனை ஆட்டம் பாட்டம். ஏவுகணை இன்னும் எதிரி கையில்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பற்றிக் கவலைப்பட அங்கே யாருக்கும் நேரமில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று முதல் பாதியில் சொன்ன படம், இரண்டாம் பாதியில் கடிகாரத்தையே கழற்றி வைத்துவிட்டது. வந்த எதிர்பார்ப்புக்கு ஏற்ற ஓட்டம் படத்துக்குக் கிடைக்கவில்லை. அது முழுவதும் வீண் போகவும் இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 36 ஆண்டுகள் கழித்து லோகேஷ் கனகராஜ் அதே பெயரை, அதே பாட்டை, அதே அதிகாரியின் நினைவை எடுத்துக்கொண்டு 2022 ஜூனில் ஒரு படம் எடுத்து, அந்த ஆண்டின் பெரிய வெற்றிகளில் ஒன்றாக்கினார்.

அதே 2022-ல் இன்னொரு பாடமும் கிடைத்தது. ஆகஸ்ட் 31, விநாயகர் சதுர்த்தி அன்று ‘கோப்ரா’ வந்தது. ‘டிமான்டி காலனி’, ‘இமைக்கா நொடிகள்’ எடுத்த அஜய் ஞானமுத்து இயக்கம். நடிகர் விக்ரம் பல வேடங்களில். ஏ.ஆர்.ரகுமான் இசை. கிரிக்கெட் வீரர் இர்பான் பதான் முதன்முதலாகத் திரையில். கொரோனாவால் தள்ளித் தள்ளிப் போனதில் ஆவல் வேறு ஏறியிருந்தது. ‘கடாரம் கொண்டா’னுக்குப் பிறகு மூன்று ஆண்டுகள் கழித்து விக்ரமைத் தியேட்டர் திரையில் பார்க்கப்போகும் கூட்டம். படம் 183 நிமிடம். முதல் நாளே நீளம் என்ற புகார் கிளம்பியது. உடனே 20 நிமிடங்களை வெட்டிவிட்டதாக அறிவிப்பு வந்தது.

ரசிகரின் குரலுக்கு மதிப்புக் கொடுத்தார்கள் என்று பாராட்டலாம். ஆனால் நோய் நீளத்தில்தான் இருந்ததா? 2018-ல் வந்த ‘ராட்சசன்’ சுமார் 170 நிமிடம் ஓடும். வெட்டிய பிறகு ‘கோப்ரா’ அதைவிடச் சின்னப் படம். ‘ராட்சசன்’ பார்த்த யாரும் கைக்கடிகாரத்தைப் பார்த்ததாகச் சொல்வதில்லை.

அந்தப் படத்தில் இயக்குநர் ராம்குமார் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். கதாநாயகன் இயக்குநராகத் துடிக்கும் இளைஞன். தொடர்கொலைகாரர்கள் பற்றிய செய்திகளை வெட்டி அறைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருக்கிறான். தயாரிப்பாளர்கள் கதையைக் கேட்டுவிட்டுக் கொட்டாவி விடுகிறார்கள். குடும்பத்துக்காக வேண்டாவெறுப்பாகக் காவல்துறை வேலைக்குப் போகிறான். அந்தச் சுவர் அப்போது வெறும் பின்னணி அலங்காரம்போலத் தெரிகிறது. பிறகு பரிசுப் பெட்டியில் சிதைந்த பொம்மைத் தலை வரும்போது, நிலையத்தில் இருக்கும் யாருக்கும் புரியாதது அவனுக்கு மட்டும் புரிகிறது. எதனால் புரிகிறது என்பது ரசிகருக்கும் தெரியும். அந்தச் சுவரை அவரும் பார்த்தவர்தானே. அந்த நொடியில் நாயகனோடு சேர்ந்து ரசிகரும் துப்பறியத் தொடங்கிவிடுகிறார். துப்பு வைப்பது என்றால் இதுதான். பத்து நிமிடச் செலவு, இரண்டு மணி நேர வரவு.

இனி மறுபக்கம். ஏமாற்றம் எல்லாமே படத்தின் குற்றமா? இல்லை. சில நேரம் ரசிகர் கையில் கொண்டுபோன அளவுகோல் தப்பு.

1954 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு. ஏவி.எம். தயாரிப்பில் ‘அந்த நாள்’ வெளியானது. இயக்கம் வீணை எஸ்.பாலசந்தர். வசனம் ஜாவர் சீதாராமன். நாயகன் சிவாஜி கணேசன். சென்னைமீது ஜப்பானியர் குண்டு போட்ட 1943 அக்டோபர் நாட்கள்தான் களம். படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி சுருண்டு விழுந்து சாகிறார். அந்த வீட்டைச் சுற்றியிருக்கும் ஒவ்வொருவரும் வேறொருவரைச் சந்தேகித்து ஒரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் செத்த மனிதன் வேறு வேறு மாதிரி தெரிகிறான். ஜாவர் சீதாராமனே சி.ஐ.டி. அதிகாரியாக வந்து அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பாட்டு இல்லை. நடனம் இல்லை. சண்டையும் இல்லை. புத்தாண்டுக்குப் புதுத்துணி உடுத்தி, சிவாஜி படம் என்று கிளம்பிய குடும்பங்களின் நிலையை எண்ணிப்பாருங்கள். முதல் சில நிமிடத்திலேயே நாயகன் பிணம், கடைசிவரை ஒரு பாட்டுகூடக் கிடையாது.

படம் அன்று ஓடவில்லை. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது, வசூல் பெறவில்லை. இன்று தமிழின் முதல் பாடலில்லாப் படம் என்று பள்ளிப் பொது அறிவுப் புத்தகம்வரை அதன் பெயர் இருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1958-ல் ‘வெர்டிகோ’ வந்தபோது விமர்சகர்கள் இழுவை என்றார்கள், வசூலும் சுமார்தான். 1973-க்குப் பிறகு பத்தாண்டுக் காலம் அதைத் திரையில் பார்க்கவே வழியில்லாமல் இருந்தது. 2012-ல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் உலகெங்கும் உள்ள விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், அரை நூற்றாண்டாக முதலிடத்தில் இருந்த ‘சிட்டிசன் கேனை’ இறக்கிவிட்டு அது முதலிடத்துக்கு ஏறியது.

அப்படியானால் கெட்ட படம் தந்த ஏமாற்றத்தையும், நல்ல படத்தைத் தப்பாக எதிர்பார்த்ததால் வந்த ஏமாற்றத்தையும் எப்படிப் பிரித்தறிவது? இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. முடிவு தெரிந்த பிறகு மறுபடி ஒருமுறை பார்ப்பது. ரகசியத்தை மட்டுமே மூலதனமாக வைத்த படம் இரண்டாம் பார்வையில் அரை மணி நேரம்கூடத் தாங்காது. ரசிகருக்குத் தெரிந்ததை வைத்தே அவரைத் தவிக்க வைக்கும் படம் அப்போதுதான் இன்னும் நன்றாக இருக்கும்.

‘வெர்டிகோ’வின் மூலம் பொய்லோ, நார்செஜாக் என்ற இரட்டையர் எழுதிய பிரெஞ்சு நாவல். நாவலில் ரகசியம் கடைசியில் உடைகிறது. ஹிட்ச்காக் அதைப் படத்தின் மூன்றில் இரண்டு பங்கு முடியும் இடத்திலேயே உடைத்துவிட்டார். நாயகி உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதுகிறாள். ரசிகருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. நாயகனுக்கு மட்டும் தெரியாது. இந்தக் காட்சியை வைப்பதா எடுப்பதா என்று ஹிட்ச்காக்கே கடைசிவரை தடுமாறினார். வைத்ததனால்தான் மிச்சப் படம் முழுக்க, இவனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பதைப்பு நெஞ்சை அடைக்கிறது.

தமிழில் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு ‘பாபநாசம்’. மலையாளத்தில் ஜீத்து ஜோசப் 2013-ல் எடுத்த ‘திரிஷ்யம்’ படத்தை அவரே 2015-ல் கமல்ஹாசனை வைத்துத் தமிழில் எடுத்தார். சாவு எப்படி நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்பதெல்லாம் ரசிகரின் கண்முன் நடக்கிறது. மறைக்க எதுவுமில்லை. சுயம்புலிங்கம் தன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போவதும், ஓட்டலில் சாப்பிடுவதும், சினிமா டிக்கெட்டைப் பத்திரப்படுத்துவதும் சாதாரண வேலைகள். ஆனால் ஒவ்வொன்றும் விசாரணையில் என்னவாகத் திரும்பி வரும் என்று ரசிகருக்குத் தெரிவதால் வயிற்றைப் பிசைகிறது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஜீத்து ஜோசப் கடைசிவரை கையில் வைத்திருந்தார். அந்த ஒன்றும் இல்லாவிட்டால்கூடப் படம் நின்றிருக்கும். மலையாளத்தில் ஏற்கெனவே பார்த்துவிட்டு, முடிவு தெரிந்தே தமிழில் போய்ப் பார்த்தவர்கள் ஏராளம் என்பதே இதற்குச் சான்று.

ஏமாற்றிய படத்துக்குள்ளும் சில நேரம் ஒரு முத்து கிடக்கும் என்பதையும் சொல்லாமல் போகக் கூடாது. 1966-ல் ஹிட்ச்காக்கின் ஐம்பதாவது படம் என்ற விளம்பரத்தோடு ‘டார்ன் கர்ட்டன்’ வந்தது. பால் நியூமன், ஜூலி ஆண்ட்ரூஸ் என்று உச்ச நட்சத்திரங்கள். செலவில் பெரும்பங்கு அவர்கள் சம்பளத்துக்கே போனது. ஜூலியின் தேதிகளுக்காகத் திரைக்கதை முழுதாகத் தயாராகும் முன்பே படப்பிடிப்பு தொடங்கியது. ஏமாற்றம் உறுதி, ஏமாற்றமும் வந்தது. ஆனால் அதில் ஒரு பண்ணைவீட்டுச் சமையலறைக் காட்சி இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் பாதுகாப்புத் துறை ஆள் ஒருவனைச் சத்தமில்லாமல் கொன்றாக வேண்டும். வெளியே டாக்சி ஓட்டுநர் காத்திருப்பதால் துப்பாக்கி உதவாது. நாயகன் கழுத்தை நெரிக்கிறான். வீட்டுக்காரப் பெண் கத்தியால் குத்துகிறாள், கத்தி முறிந்துபோகிறது. மண்வெட்டியால் முழங்காலில் அடிக்கிறாள். அவனோ சாகமாட்டேன் என்கிறான். கடைசியில் இருவரும் அவனைத் தரையில் இழுத்துக்கொண்டுபோய் எரிவாயு அடுப்புக்குள் தலையைத் திணிக்கிறார்கள். பின்னணி இசை ஒரு துளி கிடையாது. மூச்சிரைப்பும் காலடியும் மட்டும். ஒரு மனிதனைக் கொல்வது எவ்வளவு கடினமான, அருவருப்பான வேலை என்று காட்ட நினைத்ததாக ஹிட்ச்காக் பின்னர் விளக்கினார். அந்தப் படத்தை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட்டவர்கள் இந்தச் சில நிமிடங்களையும் சேர்த்தே இழந்தார்கள்.

இந்த இடத்தில் அண்மைக் காலத்துச் சர்ச்சை ஒன்றையும் தொட வேண்டும். 2024 நவம்பரில், பெரிய படங்கள் சில முதல் நாளே அடிவாங்கியதைத் தொடர்ந்து, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூபர்கள் ரசிகர்களிடம் கருத்துக் கேட்பதை அனுமதிக்க வேண்டாம் என்று தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் தியேட்டர் உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனங்களையே தடை செய்யக் கோரிய மனுவும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை.

தயாரிப்பாளர்களின் கவலை புரிகிறது. பல கோடி ரூபாய் காலைக் காட்சியின் இடைவேளையிலேயே கரைவதை யாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? நாகரிகமில்லாத கேலியும், காசு வாங்கிக்கொண்டு பேசும் பேச்சும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் ‘தி ஸ்நோமேன்’ படத்தை எந்த யூடியூபரும் கவிழ்க்கவில்லை. எடுக்காமல் விட்ட பக்கங்கள்தான் கவிழ்த்தன. மூன்று நாள் வாய்ப்பூட்டு போட்டால் ஏமாற்றம் மூன்று நாள் தள்ளிப்போகும். திரைக்கதையைக் கடைசிப் பக்கம்வரை முடித்துவிட்டு, துப்புகளைப் பட்டியல் போட்டுச் சரிபார்த்துவிட்டுப் படப்பிடிப்புக்குக் கிளம்பினால் அது பெரும்பாலும் வராமலே போகும். செலவும் குறைவு. எழுதும் மேசையில் ஒரு காட்சியைச் சேர்க்க ஒரு தாள் போதும்; எடிட்டிங் மேசையில் இல்லாத காட்சியைச் சேர்க்க ஆஸ்கர் வாங்கிய இருவராலும் முடியவில்லை.

கடைசியாக, தியேட்டர் வாசலில் நீட்டப்படும் மைக்கின் முன் நிற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் பிடிக்கவில்லையென்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ‘மொக்கை’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடாமல், எந்த இடத்தில் நம்பிக்கை போனது, எந்தத் துப்பு அந்தரத்தில் நின்றது என்று சொல்லுங்கள். அடுத்த படம் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது உதவும். 1955-ல் பிரெஞ்சு இயக்குநர் க்ளூஸோ ‘லே டியாபோலிக்’ படத்தின் முடிவில், பார்த்ததை நண்பர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள் என்று திரையிலேயே எழுத்தில் கேட்டுக்கொண்டார். இந்தப் பேச்சிலும் எந்தப் படத்தின் கொலையாளியும் காட்டிக்கொடுக்கப்படவில்லை. நீங்களும் படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி, யார் செய்தார்கள் என்பதை மட்டும் அடுத்த காட்சிக்கு வரிசையில் நிற்பவர் காதில் போட்டுவிடாதீர்கள்.